எந்தக் கப்பலில் செல்வது?

கரீபியன் தீவுகளில் ஒரு வார விடுமுறையைக் கழிக்க விரும்பிய நண்பர் ஒருவர், "எந்தக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது?" என்று அண்மையில் நம்மிடம் வினவினார். பயண முகவரிடம் கேட்க வேண்டியதை வரலாற்று ஆர்வலர்களிடம் கேட்கிறாரே என்று முதலில் நகைத்தோம். ஆயினும், விடை தேடிப் புறப்பட்ட பின்னர்தான், இக்கேள்விக்குள் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு ஒன்று அடங்கியிருப்பதையும், அதன் ஒரு கிளை நம்முடைய காரைக்கால் துறை வரை நீள்வதையும் உணர்ந்தோம். நண்பருக்குச் சொன்னதை வாசகர்களுடனும் பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கற்பனையில் பிறந்த பயணம்

கடற்பயணம் என்பது நெடுங்காலம் மனிதர் விரும்பி ஏற்ற ஒன்றன்று. வணிகம், போர், சமயம், பிழைப்பு என ஏதேனும் ஒரு கட்டாயமே அவர்களைக் கப்பலேற்றியது. ஊர் பார்ப்பதற்காக மட்டுமே கப்பலேறலாம் என்ற எண்ணம் அச்சில் முதலில் தோன்றிய இடங்களுள் ஒன்று, ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஷெட்லாந்துத் தீவுகள். அத்தீவினரான ஆர்தர் ஆண்டர்சன் 1835இல் தம்முடைய 'ஷெட்லாந்து ஜர்னல்' இதழில், ஐஸ்லாந்தையும் பரோ தீவுகளையும் சுற்றிவரும் உல்லாசப் பயணம் ஒன்றிற்கு விளம்பரம் வெளியிட்டார். அப்படியொரு பயணமும் இல்லை, அதற்கெனக் கப்பலும் இல்லை. அது வெறும் கற்பனை விளம்பரம்!

ஆனால் ஆண்டர்சன் கற்பனையோடு நின்றுவிடவில்லை. பின்னாளில் 'பி அண்ட் ஓ' என்று உலகறிந்த கப்பல் நிறுவனத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். 1844இல் அந்நிறுவனம் தாக்கரே என்னும் ஆங்கில நாவலாசிரியருக்கு இலவசப் பயணச் சீட்டு வழங்கி, மத்தியதரைக் கடலைச் சுற்றிவரச் செய்தது. அவர் எழுதிய பயண நூல் 1846இல் வெளிவந்தது. எழுத்தாளருக்கு இலவசச் சீட்டு, பதிலுக்கு ஒரு புத்தகம்! இன்றைய விளம்பர உத்திகளுக்கெல்லாம் மூத்தது இது எனலாம். சென்னைக்கும் கொழும்புக்கும் அஞ்சல் சுமந்து வந்தவையும் இந்நிறுவனத்தின் கப்பல்களே.

உல்லாசக் கப்பல் தொழிலைத் திட்டமிட்ட வணிகமாக்கியவர் ஜெர்மானியரான ஆல்பர்ட் பாலின். ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தை நடத்திய அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் கடல் சீறும். பயணிகள் வருவது குறையும். பெரும் பொருட்செலவில் கட்டிய கப்பல்கள் துறைமுகத்தில் சும்மா நிற்கும். அவற்றை வெயில் காயும் கடல்களுக்கு அனுப்பினால் என்ன என்று எண்ணினார். 1891 ஜனவரியில் 'ஆகஸ்டா விக்டோரியா' என்னும் கப்பல் 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்பட்டது. பாலினும் உடன் சென்றார். பயணம் வெற்றி பெறவே, உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு கப்பலைக் கட்டுமாறு பணித்தார். 1900இல் நீரில் இறக்கப்பட்ட 'பிரின்செசின் விக்டோரியா லூயிசெ' அவ்வாறு உருவானதே. 4,409 டன் கொள்ளளவு, 120 அறைகள், அனைத்தும் முதல் வகுப்பு. நூலகமும் உடற்பயிற்சிக் கூடமும் இருந்தன. பயணிகள் எடுத்த ஒளிப்படங்களைக் கழுவிப் பார்க்க இருட்டறை ஒன்றும் இருந்தது. இந்த இருட்டறையைச் சற்று நினைவில் கொள்க. கரையில் காண்பதற்கு ஏதோ இருக்கிறது, அதைப் படம் பிடித்து வரப் பயணிகள் இறங்குவர் என்று எதிர்பார்த்துக் கட்டப்பட்ட கப்பல் அது.

அதன் முடிவு துயரமானது. 1906 டிசம்பர் 16 அன்று இரவு ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தை நெருங்குகையில், ஒரு கலங்கரை விளக்கை மற்றொன்றாகக் கருதிய தலைவரின் பிழையால் போர்ட் ராயலுக்கு அருகே பாறையில் மோதியது. பயணிகள் அனைவரும் காப்பாற்றப்பட்டனர். தலைவரோ தம் அறைக்குச் சென்று துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு மாண்டார். உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கப்பல் கரீபியன் தீவு ஒன்றின் கரையிலேயே சிதைந்து போயிற்று.

வாழைப்பழத்துடன் வந்த பயணிகள்

ஜமைக்காவுக்கு அக்காலத்தில் பயணிகளைக் கொண்டுவந்தவை உல்லாசக் கப்பல்கள் மட்டுமல்ல. 1899இல் தோன்றிய யுனைடெட் புரூட் என்னும் அமெரிக்க நிறுவனம், வாழைப்பழம் ஏற்றிச் செல்லும் தன் கப்பல்களில் பயணிகளுக்கும் அறைகள் அமைத்தது. வெயிலின் சூடு உள்ளே இறங்காதிருக்க அக்கப்பல்களுக்கு வெண்ணிறம் பூசினர். அதனால் 'பெரு வெண் கப்பற்படை' என்று பெயர் பெற்றன. பழத்துக்காகப் பூசிய வெள்ளை, பின்னர் விடுமுறையின் நிறமாக மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அக்கப்பல்களில் வந்தவர்கள் பழம் ஏற்றும் துறைகளிலேயே இறங்கினர். சுமை தூக்குவோரும் சந்தையும் தோட்டமும் அவர்கள் கண்ணெதிரேயே இருந்தன.

1958 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்கு ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கியபின், அட்லாண்டிக்கைக் கடக்கக் கப்பலை நாடுவோர் குறைந்தனர். பெருங்கப்பல்களின் காலம் முடிந்தது என்றே பலரும் கருதினர். ஆனால் 1966 டிசம்பரில், நார்வே நாட்டுக் கப்பல் முதலாளி குனுட் குளோஸ்டரும் இஸ்ரேலிலிருந்து வந்த டெட் அரிசனும் கூட்டுச் சேர்ந்து, 'சன்வார்டு' என்ற கப்பலை மயாமியிலிருந்து பஹாமாசின் நாசோவுக்குச் செலுத்தினர். இன்றைய கரீபியன் உல்லாசக் கப்பல் தொழில் இதிலிருந்து பிறந்ததே. இருவரும் பின்னர்ப் பிரிந்தனர். அரிசன் 1972இல் கார்னிவல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதற்கப்பல் முதற்பயணத்திலேயே மயாமி முகத்துவாரத்தில் மணற்திட்டில் தட்டி நின்றது வேறு கதை.

அதன் பின்னர் கப்பல்கள் பெருத்த வேகம் வியப்புக்குரியது. 1900இல் 4,409 டன் என்று கண்டோம். 2024 ஜனவரியில் பயணிகளுடன் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் கொள்ளளவு 2,48,663 டன். 7,600 பயணிகள் வரை அதில் ஏறலாம். நீர்ச்சறுக்குகள், நீச்சல் குளங்கள், பனிச்சறுக்கு அரங்கு என ஒரு நகரத்துக்கு வேண்டிய கேளிக்கைகள் யாவும் கப்பலிலேயே உண்டு. (இரண்டு டன் கணக்கும் முற்றிலும் ஒரே அளவையன்று, ஆயினும் ஒப்பீட்டுக்குப் போதுமானவை.)

தீவையே குத்தகைக்கு எடுத்தல்

கப்பல் பெருத்தபோது ஒரு கேள்வி எழுந்தது. பயணி கரையில் இறங்கினால் அவர் செலவிடும் பணம் கரையில் உள்ளவர்களுக்குப் போய்விடுகிறது. கரையும் நம்முடையதாகவே இருந்தால்? 1977இல் நார்வேஜியன் நிறுவனம் பஹாமாசில் உள்ள 'கிரேட் ஸ்டிரப் கே' என்ற சிறு தீவை வாங்கியது. கப்பல் நிறுவனம் ஒன்றின் முதல் தனித்தீவு என்று அது குறிப்பிடப்படுகிறது. மற்ற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. மக்கள் வாழாத மணற்கரை, நிறுவனத்தின் குடைகள், நிறுவனத்தின் உணவு. பயணி 'தீவைப் பார்த்தேன்' என்று மகிழ்ந்து திரும்பலாம்.

இவற்றுள் நம் சிந்தனைக்குரியது ஹைட்டி நாட்டின் வடகரையில் உள்ள லபடி. அது தீவன்று, தீபகற்பம். 1986 முதல் ராயல் கரீபியன் நிறுவனம் அதைக் குத்தகைக்கு எடுத்து, வேலியிட்டு, தன் பயணிகளுக்கான கடற்கரையாக நடத்தி வந்தது. அரசுக்கு ஒவ்வொரு பயணிக்கும் ஒரு தொகை கிடைத்தது. சுற்றுவட்டாரத்தில் சிலருக்கு வேலையும் கிடைத்தது. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வேலிக்கு அப்பால், சில பத்து கிலோமீட்டர் தொலைவில், லபெரியேர் மலைக்கோட்டை நிற்கிறது. அடிமைகள் தாமே போரிட்டு 1804இல் அமைத்த விடுதலை நாட்டைக் காக்க ஆன்றி கிறிஸ்தோப் எழுப்பிய கோட்டை அது. 1982இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. லபடி மணலில் படுத்திருந்த இலட்சக்கணக்கானோரில் அக்கோட்டையைக் கண்டவர் மிகச் சிலரே இருப்பர்.

2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியின் தலைநகரைப் பெரும் நிலநடுக்கம் தகர்த்தது. மூன்று நாள்களுக்குப் பின், ஜனவரி 15 அன்று, உல்லாசக் கப்பல் வழக்கம்போல் லபடியில் வந்து நின்றது. நிவாரணப் பொருள்களையும் கொண்டு வந்தோம், கப்பல் வராவிட்டால் உள்ளூர் மக்களின் பிழைப்பு கெடும் என்று நிறுவனம் விளக்கம் தந்தது. அதில் உண்மையும் உண்டு. ஆயினும், தலைநகரில் இடிபாடுகளுக்குள் மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்த நாளில் அதே நாட்டின் கரையில் நீராடி மகிழ்வதா என்று கப்பலிலிருந்த பயணிகள் சிலரே தயங்கினர். அரை நூற்றாண்டாகத் தொழில் சென்ற திசையை அந்த ஒரு நாள் வெளிச்சமிட்டுக் காட்டியது. பின்னர் 2024லும் 2025லும் ஹைட்டியின் கலவரச் சூழலால் லபடிக்கான வருகைகள் நிறுத்தப்பட்டன. எவ்வளவு உயர வேலியிட்டாலும் நாட்டின் துயரம் ஒருநாள் உள்ளே வரத்தான் செய்கிறது.

அதே கடலில் மற்றொரு கப்பல்

இங்கே நாம் ஒரு கப்பலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் ஏறியவர்களிடம் எந்தக் கப்பல் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

1848இல் பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் கரும்புத் தோட்டங்களை விட்டு விலகவே, தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினர். அவர்கள் கண்ணில் பட்டவை புதுச்சேரியும் காரைக்காலும். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'ஓரேலி' என்னும் பாய்க்கப்பல், 1853 மே 6 அன்று மார்த்தினிக் தீவின் சேன் பியேர் துறையை அடைந்தது. மறு ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள்களில், அதே கப்பல் குவாதலூப் தீவின் புவாந்தாபித்ர் துறைமுகத்தில் இன்னும் முந்நூறு பேரை இறக்கியது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல்தான். ஆகவே இவர்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, ஏறத்தாழ மூன்று மாதங்கள் கடலில் கிடந்தனர்.

1861இல் பிரான்சும் பிரிட்டனும் செய்துகொண்ட உடன்பாட்டால் பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலும் ஆள் எடுக்க வழி பிறந்தது. 1888இல் பிரிட்டிஷ் அரசு இதற்குத் தடை விதிக்கும் வரை, மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் சென்றனர். இவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். திரும்பி வர உரிமை உண்டு என்று ஒப்பந்தம் சொன்னது. குவாதலூப் சென்றவர்களுள் ஊர் திரும்பியவர் கால் பங்கு அளவே. எஞ்சியோருள் பலர் நோயிலும் உழைப்பிலும் மாண்டனர். பிழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர்.

மொழி பெரும்பாலும் போய்விட்டது. எஞ்சியவை எவை? மாரியம்மன் அங்கே 'மலியேமின்' ஆனாள். மதுரை வீரன் 'மல்தேவிலின்' ஆனான். பூசையில் பாடப்படும் தமிழ்ப் பாடல்கள் பொருள் விளங்காமலே செவிவழியாகக் காக்கப்பட்டு வந்தன. எல்லாவற்றினும் நம்மை நெகிழச் செய்தது 'நகூர்மிரா' வழிபாடு. கடலோடிகளைக் காப்பவராக நாம் நன்கறிந்த நாகூர் ஆண்டவரே அவர். மாரியம்மனை வழிபடும் மக்கள் நாகூர் ஆண்டவருக்கும் கொடிமரம் நட்டு வணங்குகின்றனர். மூன்று மாதக் கடலில் எவரை அழைத்துக் கதறினார்களோ, அவரைக் கரையேறிய பின்பும் அவர்கள் கைவிடவில்லை.

பத்து மணி நேரம் போதுமா?

உல்லாசக் கப்பல்கள் பொதுவாக ஒரு துறைமுகத்தில் எட்டு முதல் பத்து மணி நேரமே நிற்கும். குவாதலூப்பில் அந்நேரத்துக்குள் என்ன காணலாம்?

புவாந்தாபித்ரில் கப்பல் நிற்கும் இடம் நகரின் நடுவையொட்டியே அமைந்துள்ளது. 'தார்ஸ்' எனப்படும் பழைய படகுத்துறையில், இந்தியர் வந்திறங்கிய முதல் நாளை நினைவுகூரும் சின்னம் ஒன்று 150ஆம் ஆண்டை ஒட்டி 2004இல் எழுப்பப்பட்டது. அதே நீர்க்கரையில், தார்பூசியே என்ற பழைய சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், அடிமை முறையின் வரலாற்றைக் கூறும் 'மெமோரியல் ஆக்ட்' அருங்காட்சியகம் 2015இல் திறக்கப்பட்டது. இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் காணலாம். கரும்பை வெட்டியவர்களின் இரு தலைமுறைக் கதை அங்கே அடுத்தடுத்து நிற்கிறது.

அங்கிருந்து சாலை வழியே சென்றால் கபெஸ்தேர்-பெல்-ஓ என்னும் ஊர். அதன் அருகே ஷாஞ்சியில் வண்ணச் சிற்பங்களுடன் மாரியம்மன் கோயில் நிற்கிறது. இவ்வூரில்தான் 1863இல் ஆன்றி சிதம்பரம் பிறந்தார். ஒப்பந்தத் தொழிலாளரின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்கள் அல்லர், அவர்களுக்கு வாக்குரிமை இல்லை என்று அதிகாரிகள் மறுத்தபோது, 1904இல் அவர் தொடங்கிய சட்டப் போராட்டம் 1923இல் வெற்றி பெற்றது. பத்தொன்பது ஆண்டுகள்! மதியம் அவ்வூரில் உணவருந்துவோர் 'கொலம்போ' என்று கேட்டு வாங்கலாம். ஆட்டிறைச்சியோ கோழியோ சேர்த்த மசாலாக் குழம்பு. 'குழம்பு' என்ற சொல்லே இவ்வாறு திரிந்தது என்பர் சிலர். கொழும்பு நகரின் பெயர் என்பர் வேறு சிலர். சுவைத்தவர் முடிவு செய்து கொள்க.

தெற்கே தெரியும் லே சேந்த் என்னும் குட்டித் தீவுகள் வேறொரு நினைவைக் கிளறும். 1782 ஏப்ரல் 12 அன்று அத்தீவுகளுக்கு அருகே ரோட்னியின் ஆங்கிலப் படை, தெ கிராசின் பிரெஞ்சுப் படையை வென்று அவரையும் சிறைப்பிடித்தது. அதே ஏப்ரல் 12 அன்றுதான், திருகோணமலைக்குத் தெற்கே இலங்கைக் கடலில், பிரெஞ்சுத் தளபதி சுப்ரேனும் ஆங்கிலேயர் ஹியூஸும் மோதிக் கொண்டனர்! பூமிப் பந்தின் இரு பக்கங்களில், ஒரே நாளில், அதே இரு நாடுகள். அதற்கு முந்தைய போரிலும் இத்தொடர்பு உண்டு. குவாதலூப்பை 1759லும் புதுச்சேரியை 1761லும் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1763 பாரிஸ் உடன்படிக்கையின்படி இரண்டையும் பிரான்சிடம் திருப்பித் தந்தனர். பிரான்சோ கனடாவை விட்டுக் கொடுத்தது. சர்க்கரைத் தீவுக்கு அன்று அத்தனை மதிப்பு. அம்முடிவு வேறாக இருந்திருந்தால் காரைக்கால் மக்கள் குவாதலூப் செல்ல நேர்ந்திராது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

ஆகவே, எந்தக் கப்பல்?

நண்பருக்கு நாம் கூறிய விடை இதுதான். கப்பலின் அறைகளையும் அரங்குகளையும் பார்ப்பதற்கு முன், அது செல்லும் துறைகளின் பட்டியலைப் பாருங்கள். அதில் எத்தனை ஊர்களில் உண்மையிலேயே மக்கள் வாழ்கிறார்கள் என்று எண்ணுங்கள். நிறுவனத்தின் தனித்தீவும் கடலில் கழியும் நாள்களும் மிகுந்திருந்தால், நீங்கள் வாங்குவது ஒரு நல்ல விடுதியை. அதில் தவறில்லை, ஆனால் அது தீவுப் பயணம் ஆகாது. ஒவ்வொரு துறையிலும் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேளுங்கள். பெருங்கப்பலுக்கு ஆழமான துறை வேண்டும். சிறிய கப்பல்களோ சேன் பியேரிலும் லே சேந்திலும் நங்கூரமிட்டுப் படகுகளில் ஆள்களை இறக்க இயலும். 'ஓரேலி' முதலில் நின்ற அந்தச் சேன் பியேர் நகரம் 1902 மே 8 அன்று பெலே எரிமலையின் சீற்றத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேருடன் அழிந்தது. அதன் இடிபாடுகளுக்கு நடுவே சிற்றூர் ஒன்று மீண்டும் உயிர்த்திருக்கிறது. அங்கே கடலிலிருந்து கரையேறுவதன் பொருள் வேறு.

குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் பயணத்தைத் தொடங்கி அங்கேயே முடிக்கும் கப்பல்களும் உண்டு. அவற்றைத் தேர்ந்தால் முன்னும் பின்னும் இரண்டு நாள்கள் தீவிலேயே தங்கலாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைந்த காலம். ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். இரண்டும் 1946 முதல் பிரான்சின் மாவட்டங்கள் ஆதலால் செலாவணி யூரோ. ஆயினும் ஷெங்கன் எல்லைக்குள் அடங்கா. விசாவைப் பற்றி முன்கூட்டியே கேட்டுத் தெளிதல் நன்று.

நண்பர் சிறிய கப்பல் ஒன்றைத் தேர்ந்திருக்கிறார். நீர்ச்சறுக்கு இல்லையே என்று அவருடைய பிள்ளைகளுக்குச் சற்று வருத்தம். புவாந்தாபித்ரில் இறங்கியதும் முதலில் தார்ஸ் துறைக்குச் சென்று அச்சின்னத்தின் முன் சற்று நேரம் நிற்குமாறு கேட்டுக் கொண்டிருக்கிறோம். 1854இல் அத்துறையில் இறங்கியவர்கள் எத்திசையில் ஊர் இருக்கிறது என்றுகூட அறியாமல் நின்றிருப்பார்கள். அவர்களைத் தேடி ஊரிலிருந்து ஒருவர், தாமே விரும்பிக் கப்பலேறி வந்தார் என்பதாவது இருக்கட்டும்.